ருமாலே சென்னபசவையாவின் நிலக்காட்சி ஓவியங்களில் பொழுதும் கருப்பொருளும்

முன்னுரை

பெங்களூரின் மரங்களையும் பூங்காக்களையும் வண்ணத்தில் வடித்த ஓவியர்களுள் குறிப்பிடத்தக்கவர் ருமாலே சென்னபசவையா (1910 - 1988). தொட்டபள்ளாபுரத்தில் பிறந்த இவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். ‘தாயிநாடு’ என்னும் கன்னட நாளிதழின் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1960களில் ஓவியத்திற்கே முழுமையாகத் திரும்பினார். நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம் ஆகிய இரண்டிலும் அமைந்த இவருடைய நிலக்காட்சிகளை, இம்பிரசனிசம் எனப்படும் மனப்பதிவியத்தின் வழிவந்தவை என்று கூறுவர். அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தொல்காப்பியத் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறுபொழுதும் பெரும்பொழுதும்

திறந்தவெளியில் நின்று வரைதல், தூய வண்ணங்களைத் தனித்தனித் தீற்றுகளாக இடுதல் ஆகியவற்றில் ருமாலே பிரெஞ்சு ஓவியர்களுடன் ஒன்றுபடுகிறார். ஆயின், காலத்தைக் கையாளும் முறையில் வேறுபடுகிறார். கிளாட் மோனே 1890-91இல் வைக்கோற்போர்களையும், 1892-94இல் ரூவான் நகரப் பேராலயத்தையும் தொடர் ஓவியங்களாகத் தீட்டினார். பேராலயத் தொடரில் பொருள் மாறுவதில்லை. அதன்மீது விழும் ஒளியே மாறுகிறது. காலை, நண்பகல், மாலை எனப் பிரிக்கப்படும் சிறுபொழுதே அங்குத் தலைமை பெறுகிறது.

ருமாலேயிடம் தலைமை பெறுவது பெரும்பொழுது. இலை மறையப் பூத்த மரமே இவர் ஓவியங்களில் பருவத்தை அறிவிக்கிறது. ஊதா நிற ஜகரண்டாவும் செந்நிறக் குல்மோகரும் வேனிலின் வெவ்வேறு நிலைகளைக் காட்டுகின்றன. முதற்பொருளாகிய காலத்தைக் கருப்பொருளாகிய மரத்தின் வழி உணர்த்தும் இம்முறை, சங்க அகப்பாடல்களைப் பயின்றோர்க்குப் புதியதன்று.

வந்த நிலத்தின் பூ

இங்கு ஒரு வினா எழுகிறது. குல்மோகரின் தாயகம் மடகாஸ்கர். ஜகரண்டாவின் தாயகம் தென்னமெரிக்கா. 1908இல் லால்பாக் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர் கிரும்பீகல் (1865 - 1956), ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு சாலை பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நடச்செய்தார் என்பர். அவ்வாறாயின், அயல்நிலத்து மரங்களைப் பெங்களூரின் கருப்பொருள் எனக் கொள்ளலாமா?

இதற்குத் தொல்காப்பிய அகத்திணையியலிலேயே விடை உண்டு. ஒரு நிலத்திற்கும் பொழுதிற்கும் உரியனவாக வாராத பூவும் புள்ளும், தாம் வந்த நிலத்தின் பயனையே பெறும் என்பது அதன் கருத்து. தோற்றத்தினும் தங்கிய இடமே திணையை உறுதிசெய்கிறது. ருமாலேயின் ஓவியங்கள் இவ்விதிக்குக் கண்கூடான சான்றாகின்றன. அவற்றில் குல்மோகர் அயல்நாட்டு அணிமரமாக அன்றி, கப்பன் பூங்காவின் செம்மண்ணோடு ஒட்டிய மரமாகவே நிற்கிறது.

உரிப்பொருளின் இடம்

அகப்பாடலில் கருப்பொருள் உரிப்பொருளுக்குத் துணையாகும். ருமாலேயின் நிலக்காட்சிகளிலோ மனித உருவங்கள் முதன்மை பெறுவதில்லை, கருப்பொருளே முன்னிற்கிறது. நகரவாழ்வின் உழைப்பும் நெருக்கடியும் இவற்றில் இடம்பெறாமை ஒரு குறையே எனலாம்.

2000ஆம் ஆண்டிற்குப் பின்னர்ச் சாலை விரிவாக்கத்திற்கும் மெட்ரோ இருப்புப்பாதைக்கும் பெங்களூரின் சாலைமரங்கள் பல வெட்டப்பட்டன. அதனால் இவ்வோவியங்களை இன்று காண்போர் அவற்றில் இரங்கலைக் காண்கின்றனர். அவ்விரங்கல் காண்போருடையது, ஓவியருடையது அன்று. அவர் தீட்டியது பூத்தலின் மகிழ்ச்சியையே. இழப்பின் ஆவணமாக மட்டும் இவற்றைப் போற்றினால், வண்ணத்தின் வழி அவர் எய்திய அம்மகிழ்ச்சி மறைந்துவிடும்.

முடிவுரை

ருமாலே உத்தியால் மனப்பதிவியத்தைச் சார்ந்தவர். காலநோக்கால் அதனின்று வேறுபட்டவர். நொடியின் ஒளியைவிடப் பருவத்தின் வருகையே அவர்தம் பாடுபொருள். திணைக்கோட்பாடு செய்யுளுக்கு மட்டுமன்றி, நிலத்தைப் பாடுபொருளாகக் கொண்ட பிற கலைகளின் திறனாய்விற்கும் பயன்படும் என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகிறது.