120 மணி நேரச் சான்றிதழ்

பென்னாகரத்தில் பி.எட் முடித்த சித்தப்பா பெண் கேட்டாள்: "அண்ணா, இந்த ஆன்லைன் டெஃபல் சர்டிபிகேட் வாங்கினா தென் கொரியா போயி இங்கிலீஷ் சொல்லித் தரலாமா?"

விளம்பரத்தைப் படித்தேன். '120 மணி நேரம்' என்று பெருசா போட்டிருக்கு. வகுப்பறை பற்றி ஒரு வரி இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டாவும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்தணும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து மதிப்பிடுவார். டெஃபலுக்கு அப்படி ஒரே அமைப்பு கிடையாது, யாரும் அச்சடிக்கலாம்.

விளம்பரம் சொல்லாத இன்னொன்று பாஸ்போர்ட். கொரியாவின் ஈ-2 விசா, ஆங்கிலத்துக்கு அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 நாட்டவருக்குத்தான். நமக்கு ஒரு சின்ன சந்து உண்டு: 2010-இல் அமலான இந்திய-கொரிய ஒப்பந்தம். அதில் பட்டத்தோடு கேட்பது ஆங்கில ஆசிரியர் தகுதி, இந்தக் காகிதம் அல்ல.

"பணம் கட்டாதே. முதல்ல யூனிவர்சிட்டியில பி.எட் ஒரிஜினலை வாங்கிட்டு வா" என்றேன்.