விரல் சரி, செவி எங்கே?

இசைக்கலைஞராக நடித்தவரைப் பாராட்டுவதற்கு இப்போது ஒரே அளவுகோல்தான் புழக்கத்தில் இருக்கிறது. எத்தனை மாதம் பயின்றார், சொந்தக் குரலில் பாடினாரா, விரல் சரியான இடத்தில் விழுந்ததா. பொப் டிலனாக நடித்த திமொத்தி ஷாலமே பல ஆண்டுகள் கிற்றார் பழகினார், பாடல்களைத் தானே பாடினார் என்பதே ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ (2024) பற்றிய பேச்சில் பெரும்பகுதி. 2025 இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் அவருக்குச் சிறந்த நடிகர் விருதையும் கொடுத்தது. ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாளமயம்’ 2019 இல் திரைக்கு வந்தபோதும் ஜீ.வி. பிரகாஷ்குமார் உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்றதுதான் முதற்செய்தி. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் நடிகர் எவ்வளவு பாடுபட்டார் என்ற கணக்கை முடித்துக்கொண்டு, திரையில் ஓர் இசைக்கலைஞர் தெரிகிறாரா என்று பார்க்காமலே எழுந்து போய்விடுகிறோம்.

இரவற்குரல் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. ‘பொஹீமியன் ராப்சடி’யில் ரமி மலெக்குக்கு ஒலித்தது பெரும்பாலும் ஃபிரெடி மெர்குரியின் குரலும் மார்க் மார்ட்டெலின் குரலும்தான், ஒஸ்கார் கிடைக்க அது தடையாகவில்லை. உடல் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதைத் தமிழ்ப் பார்வையாளர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். விரல் நுட்பத்திலும் நாம் யாருக்கும் பின்னிற்கவில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்த நாதஸ்வரத்துக்குச் சிவாஜி கணேசன் கொடுத்த உடல் இன்றைக்கும் வியப்புத்தான். கன்னம் உப்பும் அளவு, கழுத்து நரம்பு, மூச்சை இழுக்கும் இடம், சீவாளியை உதட்டில் பொருத்தும் பாங்கு, துளைகளின் மேல் விரல் ஓடும் வேகம் என்று எதை எடுத்தாலும் பிசகில்லை. அந்தத் திறமையை மறுப்பவர் படத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

அத்தனையும் சரியாக இருக்க, சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரம் யாரையும் கேட்பதில்லை. அவர் வாசிக்கிறார், பெருமிதப்படுகிறார், கோபிக்கிறார், காதலி மோகனாவைப் பார்க்கிறார். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புருவம், ஒவ்வொரு பிர்காவுக்கும் ஒரு தலையசைப்பு. இசை அவர் முகத்திலிருந்து வெளியே போகிறதே தவிர, காது வழியாக உள்ளே வருவதாகத் தெரிவதில்லை. நாதஸ்வரம் தனியாள் வாத்தியமாக இருந்தால் இது பெரிய குறையாகாது. ஒத்து, தாளம், இரண்டாவது நாதஸ்வரம், இரண்டு தவில் எல்லாம் சேர்ந்தால்தான் அது மேளம். வாசிப்பவரின் வேலையில் பாதி, தான் வாசிக்காத நேரத்தில் நடக்கிறது. கூட இருப்பவர் ஒரு பிடியை எங்கே கொண்டுபோய் விடுகிறார், தவிற்காரர் எந்த இடத்தில் எடுக்கப்போகிறார், தீர்மானம் எந்த அட்சரத்தில் விழப்போகிறது என்று காத்திருக்கிற வேலை அது. இந்தக் காத்திருப்பு முகத்தில் தெரியும். ஊதும்போது தெரியும் முகத்தைவிட அதுதான் ஒருவரை மேளகாரர் என்று காட்டிக்கொடுக்கும்.

யாழ்ப்பாணத்துத் தீவகக் கோயில் வீதிகளில் இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலிலோ, குறிகட்டுவானில் படகேறிப் போய்ச் சேரும் நயினை நாகபூசணி அம்மன் கோயிலிலோ, திருவிழா இரவில் மேளச்சமா வைத்தால் சனம் தவிலுக்கு நேரேதான் போய் உட்காரும். யாழ்ப்பாணத்துச் செவி தவிலில் வளர்ந்தது; அளவெட்டியில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி தமிழ்நாட்டிலும் வித்துவான்களைத் திரும்பிப் பார்க்கவைத்தவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், உடன் வாசித்தவர்களும் கேட்டவர்களும் அவருடைய கைவேகத்தோடு கற்பனையையும் சேர்த்தே பேசுகிறார்கள். கற்பனை என்று அவர்கள் சொல்வது வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. நாதஸ்வரம் போட்டுவிட்டுப் போன சொற்றொடரைச் செவியில் வாங்கி, அதையே வேறு கணக்கில் திருப்பிக் கொடுப்பது அது. கூட்டுமேளத்தில் பல செட்டுகள் ஒன்றாக இருக்கும்போது சனம் பார்ப்பதும் வாசிப்பவரை மட்டுமல்ல. கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த முறைக்காக இருப்பவரின் கண்ணையும்தான். இந்தப் பழக்கத்தோடு ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்தால் தங்கரத்தினமாக வரும் ஏ.வி.எம். ராஜனின் நாதஸ்வரம் வெறும் துணைப்பொருளாகிவிட்டது கண்ணை உறுத்தும். உண்மையில் வாசித்தவர்கள் இணைபிரியாத இரட்டையர். ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்ளும் அந்த உறவு ஒலித்தடத்தில் இருக்கிறது, திரையில் இல்லை. கமரா இரட்டையரில் ஒருவரை எடுத்துக் கதாநாயகனுக்குக் கொடுத்துவிட்டு மற்றவரைச் சட்டகத்தின் ஓரத்தில் விட்டுவிட்டது.

அதே படத்தில் முத்துராக்குவாக வரும் டி.எஸ். பாலையாவைப் பாருங்கள். அவர் கை தவிலில் விழும் இடங்களில் சிவாஜியின் விரலளவு துல்லியம் இல்லை. ஆனால் அவர் கண் நாதஸ்வரத்தை விட்டு அகல்வதில்லை. ஒரு நல்ல பிடி வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு அரைக்கணம் முந்திக்கொண்டு வருகிறது. அது வரப்போவதை அவர் எதிர்பார்த்திருந்தார் என்று அர்த்தம். நகைச்சுவைப் பாத்திரமென்று நாம் ஒதுக்கிவைத்த ஒருவர்தான் அந்தக் குழுவில் மெய்யான மேளகாரராகத் தெரிகிறார். ‘நலந்தானா’ காட்சியில் சிவாஜியும் கேட்கிறார் என்று சிலர் எதிர்வாதம் சொல்லக்கூடும். கேட்கிறார்தான், காதலராக. மோகனாவாக வரும் பத்மினி நலம் விசாரிப்பதைக் கேட்டுக் கலங்குகிறார். தாளத்தையோ சுருதியையோ கேட்கும் காது அங்கே தேவைப்படவில்லை. எந்தத் தொழில்செய்யும் காதலரும் அப்படித்தான் கலங்குவார்.

இந்தக் குறை ‘தில்லானா’வை இயக்கிய ஏ.பி. நாகராஜனின் படங்களில் தற்செயலானதாகத் தோன்றவில்லை. மூன்றாண்டு முன்னால் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அது கொள்கையாகவே நிற்கிறது. இறைவன் விறகுவெட்டி வேடத்தில் வரும் ‘பாட்டும் நானே’ காட்சியில் பாடுபவரும் சிவாஜி, வீணையும் சிவாஜி, குழலும் சிவாஜி, மிருதங்கமும் சிவாஜி. இறைவனின் சர்வவல்லமையைக் காட்டும் தந்திரக்காட்சி என்ற அளவில் பிரமாதம். இசை என்ற அளவில், பக்கவாத்தியமே தேவையில்லாத ஒருவரின் கச்சேரி. நம் திரைப்படங்களில் இசைக்கலைஞராக வந்த கதாநாயகர்களில் மிகப் பலர் இந்த விறகுவெட்டியின் வழித்தோன்றல்கள். அவர்களுக்குக் கடவுள் என்ற நியாயம் மட்டும் கிடையாது. அந்தப் படத்திலும் பாலையாதான் தப்பிக்கிறார். ‘ஒரு நாள் போதுமா’ பாடும்போது ஹேமநாத பாகவதர் யாரையும் கேட்காதவர்; பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு அவர் காட்டும் அலட்டல் அத்தனையும் பொருந்துகிறது, ஏனென்றால் பாத்திரமே அகம்பாவம். பிறகு அதே மனிதர் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு, இவனே இப்படியென்றால் தான் போட்டியிடவிருந்த பாணபத்திரர் எப்படியிருப்பார் என்று கணக்குப் போட்டு உடைந்துபோகிறார். தன் வித்தையின் அளவைத் தன் காதாலேயே கண்டுகொண்ட பாடகரின் முகம் அது. ஒரு சுரம்கூடப் பாடாமல் நடித்த அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக, இசைக்கலைஞராக நடித்த வேறு எவரையும் தமிழ்ப்படங்களில் என்னால் சொல்லமுடியவில்லை.

‘சிந்து பைரவி’ (1985) இன்னும் சிக்கலான வழக்கு, ஏனென்றால் கே. பாலசந்தருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பாடகர் ஜே.கே.பி.க்கு வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை, வெளியே கிடைக்கிறது. கதை முழுவதும் செவியைச் சுற்றியே ஓடுகிறது. ஜே.கே.பி.யாக வரும் சிவகுமார் யேசுதாஸின் குரலுக்குக் கண்ணியமாக வாயசைத்துத் தொடையில் தாளமும் போடுகிறார். ஆனால் படத்தில் அதிகம் பேசப்பட்ட கச்சேரி எது? குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் குருமூர்த்தியை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் ஜே.கே.பி. பாடி முடிப்பது. சபை கைதட்டுகிறது, நாமும் தட்டினோம். ஒழுக்கத்தின் வெற்றியாக அதைக் காட்டிய இயக்குநருக்கு, லயம் இல்லாமல் போன மேடையில் பாடகருக்கு என்ன நேரும் என்ற கேள்வி எழவில்லை. பழகிய கை விலகிய இடத்தில் பாடகரின் காது எப்படித் தவிக்கும், தாளத்தை எங்கே பற்றிக்கொள்ளும்? சிவகுமாரிடம் அந்தத் தவிப்பைக் காட்டச் சொல்லியிருந்தால் அவர் காட்டியிருப்பார் என்றே நம்புகிறேன். இயக்குநர் அதைக் கேட்கவில்லை. குருமூர்த்தியாக அவமானப்பட்டுப் போகும் டெல்லி கணேஷின் முதுகில் இருக்கும் சங்கீதம் மேடையில் இருப்பவரிடம் இல்லை.

சினிமா கச்சேரி அல்ல, அண்மைக்காட்சியில் முகம்தான் பேசவேண்டும், நாயகனை விட்டுவிட்டு ஒத்துக்காரரைக் காட்டிக்கொண்டிருந்தால் படம் ஓடாது என்பது வழக்கமான பதில். நாதஸ்வர வித்துவான்களே சபையைப் பார்த்து நிமிர்ந்து நின்றவர்கள்தாமே, ராஜரத்தினம் பிள்ளையின் தோரணை ஊரறிந்ததாயிற்றே என்றும் கேட்பார்கள். அந்தத் தோரணைக்குக் கீழே ஒத்தின் சுருதியில் வேரூன்றிய தோடி இருந்தது. தோரணையை மட்டும் கழற்றி எடுத்து நடிகருக்கு மாட்டினால் என்ன மிஞ்சும்? ராஜரத்தினம் பிள்ளையையே 1940 இல் எல்லிஸ் ஆர். டங்கன் ‘காளமேகம்’ படத்தில் நடிக்கவைத்தார். அது அவரை நடிகராக்கிவிடவில்லை. ஆகவே வித்துவானையே கொண்டுவந்து நிறுத்துவதும் தீர்வாகாது. சத்யஜித் ராய் ‘ஜல்சாகர்’ (1958) படத்தில் வேறு வழி கண்டார். பாடுவதை பேகம் அக்தரிடமும் ஆடுவதை ரோஷன் குமாரியிடமும் விட்டுவிட்டு, நடிகர் சபி பிஸ்வாஸுக்குக் கேட்கும் வேலையைக் கொடுத்தார். நொடித்துப்போன ஜமீன்தார் சாய்ந்திருந்து கேட்கிறார், அவ்வளவுதான். அந்த முகத்தில் அண்மைக்காட்சிக்கு வேண்டிய அத்தனையும் கிடைத்தது, முகம்தான் பேசவேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். ‘தில்லானா’ வெளியான அதே 1968 இல் இயக்குநர்கள் ஸ்ட்ரோபும் உய்யேயும் ஹார்ப்சிகோர்ட் கலைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டைப் பாஹ் ஆக்கி, வாசிப்பை நேரடியாகப் பதிவுசெய்து நீண்ட காட்சிகளாக வைத்தார்கள். அது துறவிகளின் சினிமா; எல்லோரும் அப்படி எடுக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை.

நம் சட்டகத்துக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு ஜெமினி கணேசன் கொடுத்த விரல், சிவாஜியின் விரலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாதது. இருந்தும் ‘சிங்கார வேலனே’ காட்சி நிற்கிறது. ஊதிக்கொண்டிருப்பவர் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டு, தன் வாசிப்பை நிறுத்தி, அவளைப் பாடச் சொல்லிக் கேட்கிறார். ஒரு நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்த அந்தக் கணத்தில்தான் அவர் இசைக்கலைஞராகிறார். யாழ்ப்பாணத்து இசைநாடக மேடையில் நடிகமணி வி.வி. வைரமுத்துவுக்கு வேறு வழியே இருக்கவில்லை: மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக அழுதாலும், பக்கத்திலிருந்த ஆர்மோனியத்தின் சுருதியைக் காதில் வைத்துக்கொண்டுதான் அழவேண்டும். அந்த மேடையிலும் கைதட்டலுக்காக நீட்டப்பட்ட சங்கதிகள் உண்டு, ஆனால் ஆர்மோனியக்காரரை மறந்த நடிகர் அடுத்த அடியிலேயே அகப்பட்டுக்கொள்வார். திரை அந்தக் கண்டிப்பிலிருந்து நடிகரை விடுவித்தது. கேட்பதிலிருந்தும் சேர்த்தே விடுவித்துவிட்டது.

‘சர்வம் தாளமயம்’ இதைத் திருத்தியிருக்கக்கூடிய படம். மிருதங்கம் செய்பவரின் மகன் பீட்டர் கற்கவருவது ஒரு பக்கவாத்தியம். பிறர் பாட்டைக் கேட்பதே அதன் முதற்பாடம். குருவாக வரும் நெடுமுடி வேணு தாளவாத்தியம் அறிந்தவர் என்பது அவர் உட்கார்ந்து கேட்கும் விதத்திலேயே தெரிகிறது. சாதி பற்றிப் படம் கேட்ட கேள்விகள் துணிச்சலானவை. அப்படித் தொடங்கியது, தொலைக்காட்சிப் போட்டி மேடையில் வெற்றி தோல்வியாக முடிகிறது. பீட்டர் இன்னொரு பாடகருக்குப் பக்கத்தில் அடங்கியிருந்து வாசித்து ஒரு கச்சேரியைத் தூக்கி நிறுத்துவதாக முடித்திருந்தால், ஜீ.வி. பிரகாஷ் பயின்ற பயிற்சிக்கு ஒரு பயன் இருந்திருக்கும். போட்டியில் ஜெயிக்க விரல் போதும்.

தனுஷ் இளையராஜாவாக நடிக்க, அருண் மாதேஸ்வரன் இயக்கும் படம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இசையமைப்பாளரின் நாளில் வாசிப்பு ஒரு சிறு பகுதிதான். எழுதிக் கொடுத்த தாளை வயலின்காரர்கள் முதல்முறை வாசிக்கும்போது எந்த வரிசையில் எந்தச் சுரம் பிசகியது என்று பிடிக்கவேண்டும். குழல் நுழையும் இடத்தை ஓர் அட்சரம் தள்ளலாமா என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கவேண்டும். ஆர்மோனியத்தையும் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு நடிகர் படியேறும் காட்சிகளைவிட இதை எடுப்பது கடினம், எடுத்தாலும் சுவரொட்டியில் போடமுடியாது. படம் வரும் நாளில் தனுஷ் எத்தனை மாதம் ஆர்மோனியம் பழகினார் என்று கேட்பதற்கு மட்டும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.