ஐயம் வேறு, பழி வேறு

ஆங்கிலத்தில் 'டூபியஸ்' என்றொரு பெயரடை உண்டு. அதற்கு நேராகச் 'சந்தேகத்திற்குரிய' என்ற சொல்லை வைத்துவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று பலர் அமைதி கொள்கின்றனர். அச்சொல் நிற்கும் இடத்தை அறியாமல் பெயர்ப்பதனால் பொருள் திரிவதோடு, குற்றமற்றதன்மேல் பழியும் ஏறுகிறது.

இதன் மூலம் இலத்தீன் மொழியிலுள்ளது. இரண்டு என்னும் எண்ணுப் பெயரோடு உறவுடைய அம்மூலச்சொல், இரு பக்கமும் ஊசலாடும் மனநிலையைக் குறித்தது. இன்றைய ஆங்கில வழக்கில் இதற்கு மூன்று பொருள்கள் உள்ளன. ஒருவர் தாமே ஐயுற்றுத் தயங்குவது முதலாவது. ஒரு செய்தி உறுதிப்படாமல் நிற்பது இரண்டாவது. ஒருவரது நேர்மை நம்பத்தகாதது என்பது மூன்றாவது. 'டவுட்ஃபுல்' என்னும் உறவுச் சொல் பெரும்பாலும் முதலிரண்டோடு நின்றுவிடும். 'டூபியஸ்' என்பதிலோ மூன்றாவதன் கறை எளிதில் படியும். காவல்துறைச் செய்திகளில் பயின்று பழகிய 'சந்தேகத்திற்குரிய' என்ற தொடரும் அம்மூன்றாவதையே முதலில் நினைவூட்டுகிறது. எனவே மற்ற இரண்டிற்கும் அது பொருந்துவதில்லை.

தமிழ் இலக்கணம் இவ்வகையில் மிக்க எச்சரிக்கை உடையது. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியோ ஆளோ என்று ஐயம் எழுந்தால், 'உருவு' என்ற பொதுச்சொல்லால் சுட்டலாம் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் நெறி. விடியுமுன் ரப்பர்த் தோட்டத்து நிரையில் நடப்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஐயம் காண்போனுடையது, குற்றிக்கோ ஆளுக்கோ அதில் குறை யாதும் இல்லை.

இந்நுட்பம் ஏட்டளவில் நிற்பதன்று. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டமொன்றில், பால் நிறுவைக் கணக்கை மறுமுறை பார்க்கவேண்டும் என்னும் கருத்தில் ஒரு மேலாளர் இவ்வாங்கிலச் சொல்லை எழுதுவதாகக் கொள்வோம். 'கணக்கு உறுதிப்படவில்லை' என்று பெயர்த்தால் மீண்டும் நிறுத்துப் பார்ப்பர். 'சந்தேகத்திற்குரிய கணக்கு' என்று பெயர்த்தால், பால் வெட்டியவரையோ கிராணியாரையோ ஊரார் விரல் நீட்டிச் சுட்டுவர்.

தோட்டக் கணக்கிற்கு வேண்டிய இவ்வெச்சரிக்கை அம்மண்ணின் வரலாற்றுக்கும் வேண்டும். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்ற பெயருக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கூறினார். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது வழிவழி வந்த செய்தியோ, அவர்தம் கருத்தோ என்று ஆராய்வோர் ஐயுறலாம். அதற்காக அதனைச் 'சந்தேகத்திற்குரிய உரை' என்றால், உரையாசிரியர் பொய் புனைந்தார் என்றாகும். 'ஐயத்திற்கு இடமுள்ள பொருள்' என்பதே நேர்மையான கூற்று. அவ்வையம் 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் கெடாவே என்னும் முடிவைத் தொடுவதும் இல்லை. வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் ஏற்ற அம்முடிபு சோழர் சாசனங்களைச் சார்ந்து நிற்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து கண்ட கட்டட எச்சங்களின் நிலையும் இத்தகையதே. அவற்றின் காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழலாம். அவை இருப்பதில் ஐயம் இல்லை.

ஆகவே ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர்முன் வைத்தல் நலம். ஐயுறுபவர் யார்? ஐயுறப்படுவது எது? அதில் பழி உண்டா? முதல் வினாவிற்குரிய இடத்தில் 'ஐயுறுகிறார்' என்றும், இரண்டாவதில் 'உறுதிப்படாத', 'ஐயத்திற்கு இடமுள்ள' என்றும், பழி உண்டெனத் தெளிந்த இடத்தில் மட்டும் 'நம்பத்தகாத' என்றும் எழுதலாம். இவ்வேறுபாட்டைக் கற்ற மாணவன் ஆங்கிலத்தைச் சரியாகப் பெயர்ப்பதோடு, ஆராயாமல் ஒருவர்மேல் பழி சுமத்தாதிருக்கவும் கற்றவன் ஆவான்.