ராஜா சாண்டோவும் ஊமைப்படக் காலமும்

ஒரு கலைஞனைப் பற்றி விமர்சனம் எழுத முற்படுவோர் அவனது படைப்பை முன்னே வைத்துக்கொண்டு எழுதுவதே முறை. ஆனால், நாம் இங்கு எடுத்துக்கொண்ட கலைஞரைப் பொறுத்தவரை அம்முறை நமக்கு வாய்க்கவில்லை. பி. கே. ராஜா சாண்டோ 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் இயக்கிய ஊமைப்படங்களுள் ஒன்றேனும் இன்று எஞ்சியிருக்கவில்லை. அவருடைய படங்கள் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் உருவான ஊமைப்படங்கள் யாவுமே அழிந்தொழிந்தன. தென்னிந்தியா முழுவதற்கும் எஞ்சியது ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் ஒரே படம்தான். அதுவும் கலையன்பர் எவரும் காத்தமையால் எஞ்சியதன்று. நாவலின் பதிப்புரிமை பற்றி எழுந்த வழக்கில் படச்சுருள் பறிமுதல் செய்யப்பட்டமையால் எஞ்சியது! கலையைப் போற்றியவர் கையில் அழிந்த காலத்தில், கலையைப் பறிமுதல் செய்தவர் கையில் அது பிழைத்தது. இந்த விபரீதத்தின் பொருள் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் இருந்துகொண்டு இதனை ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் வினவக்கூடும். இதற்கு நம்மிடம் விடையுண்டு. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம். முதலில் கலைஞரின் வரலாற்றைக் காண்போம்.

புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம் என்னும் இளைஞனிடம் இருந்த முதல், அவனது உடல் ஒன்றே. தேகப்பயிற்சியில் வல்லவனான அவன், அக்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பலவான் யூஜின் சாண்டோவின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு பம்பாய்க்குச் சென்றான். படக் கம்பனிகள் குதிரையேறவும், மதிலிலிருந்து குதிக்கவும், மல்யுத்தம் புரியவும் வல்ல உடல்களைத் தேடிய காலம் அது. 1923-இல் வெளிவந்த ‘வீர பீம்சேன்’ படத்தில் பீமனாகத் தோன்றிய ராஜா சாண்டோ, சில ஆண்டுகளில் பம்பாயின் முன்னணி நடிகர்களுள் ஒருவரானார். தமிழ் பேசும் ஒருவர், குஜராத்தி முதலாளிகளின் கம்பனியில், வடநாட்டு இரசிகர்களின் அன்புக்குரிய நாயகனாக விளங்க முடிந்தது. மொழி என்னும் மதில் அன்று திரையில் எழுப்பப்படவில்லை. பேசாத படம் எல்லா மொழியினருக்கும் உரியதாயிற்று. பேசத் தொடங்கிய பின்னரோ படம் மொழிவாரியாகக் கூறுபட்டது. புதுக்கோட்டைப் பயில்வான்கள் பம்பாயில் நாயகராகும் வாயிலும் அடைபட்டது.

அவரோடு நடித்த பெண்களின் வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ (1926) படத்தில் ராஜா சாண்டோவோடு சுலோசனாவும் கோஹரும் நடித்தனர். சுலோசனா என்பது திரைப்பெயர். ரூபி மையர்ஸ் என்னும் அவர் படத்துறைக்கு வருமுன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ‘டெலிபோன் கேர்ள்’ என்ற படத்தில் அதே தொழிலாளியாகத் திரையில் தோன்றிப் புகழடைந்தார். நகரத்தில் வேலைக்குச் செல்லும் பெண் என்ற புதிய மனிதப்பிறவியை இந்தியத் திரைக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியவை இத்தகைய படங்களே என்பதில் ஐயமில்லை. ‘குணசுந்தரி’ (1927) படத்தில் கோஹர் மனைவி, ராஜா சாண்டோ கணவன். அடுக்களையே உலகமென்றிருந்த மனைவி, வெளியே இன்பம் தேடும் கணவனைக் கண்டு, தானும் வாயிற்படியைத் தாண்டும் கதை அது. கணவனுக்குள்ள உரிமை மனைவிக்கும் உண்டா என்ற கேள்வியை 1927-இல் ஒரு வணிகப்படம் எழுப்பிற்று என்றால், அதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ‘குடும்பப் பெண்கள்’ திரையில் தோன்றுவதை இழிவெனக் கருதிய சமுதாயம், ஆங்கிலோ இந்தியப் பெண்களையும் யூதப் பெண்களையும் நாடகக் கம்பனிப் பெண்களையும் திரையிற் கண்டு மயங்கியது. இரவில் அவர்களைக் கண்டு கைதட்டியவர், பகலில் அவர்கள் தம் வீதியில் குடியிருப்பதை விரும்பவில்லை. நட்சத்திரம் என்ற சொல்லே இந்த உறவை நன்கு விளக்குகிறது: தூரத்தில் இருக்குமட்டும் அழகு, அருகில் வரக்கூடாது.

1927-இல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக்குழுவை அமைத்தது. அப்பொழுது இந்தியாவில் காட்டப்பட்ட படங்களுட் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். வெள்ளை ஆட்சியினருக்கு இருந்த கவலையோ வேறு. ‘பக்த விதுரர்’ (1921) படத்தில் விதுரர் காந்தியடிகளின் தோற்றத்தில் வந்தமையால் சென்னையிலும் கராச்சியிலும் அப்படம் தடைசெய்யப்பட்டது. வாய்பேசாத படத்தைக் கண்டும் ஏகாதிபத்தியம் அஞ்சிற்று! ஒரு தொப்பியும் ஒரு நடையும் ஆயிரம் பிரசங்கங்களுக்கு நிகராயின. கலையின் ஆற்றல் வசனத்தில் மட்டுமே உள்ளதென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய அனுபவங்களோடு தமிழ்நாடு திரும்பிய ராஜா சாண்டோ, ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம் கம்பனிக்காகப் படங்களை இயக்கினார். புராணக் கதைகளே பெருகியிருந்த வேளையில் ‘பேயும் பெண்ணும்’, ‘அனாதைப் பெண்’, ‘ராஜேஸ்வரி’ முதலிய படங்கள் வெளிவந்தன. ‘அனாதைப் பெண்’ (1931) வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலைத் தழுவியது. ஒரு பெண் எழுதிய சமூக நாவலைத் திரைக்குக் கொண்டுவந்தது சிறு செயலன்று. இப்படங்களின் தயாரிப்பில் பயிற்சிபெற்ற கும்பகோணத்து வழக்கறிஞர் கே. சுப்பிரமணியம் பின்னாளில் ‘பாலயோகினி’ (1937), ‘தியாகபூமி’ (1939) ஆகியவற்றைத் தந்தார். ராஜா சாண்டோவின் ஊமைப்படங்களில் நடித்த டி. பி. ராஜலட்சுமி, 1931-இல் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகியானார். 1936-இல் தாம் எழுதிய நாவலையே ‘மிஸ் கமலா’ எனத் தாமே இயக்கித் தமிழ்த்திரையின் முதற் பெண் இயக்குநரும் ஆனார். ஓர் ஆசிரியனை மாணாக்கரைக் கொண்டு அளப்பது தவறாகாதெனின், ராஜா சாண்டோவின் உயரம் இவ்விருவராலும் விளங்கும்.

அவருடைய பேசும்படங்களுட் சிறப்பாகக் குறிக்கத்தக்கது ‘மேனகா’ (1935). வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகமாகிப் பின்னர் படமாயிற்று. தமிழின் தொடக்கக்காலச் சமூகப் படங்களுள் முதலிடம் இதற்குண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை மக்கள் முதலில் திரையிற் கண்டதும் இதிலேதான். கதையோ நம் பகுதியினரைச் சற்று நின்று சிந்திக்க வைப்பது. நாத்திமாரின் சூழ்ச்சியால் மேனகா விற்கப்படுகிறாள். அவளை விலைக்கு வாங்குபவன் நைனா முகம்மது என்னும் முஸ்லிம் செல்வன். அவளது மானத்தைக் காப்பவள் அவன் மனைவி நூர்ஜஹான். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழும் வாவிக் கரையிலிருந்து நோக்கும்போது, காமுகனைப் பிறமதத்தவனாகப் படைத்த கதையாசிரியரின் குறையும், காப்பவளையும் அதே வீட்டிற் கண்ட அவரது மனச்சான்றும் ஒருங்கே தெரிகின்றன. பெண்ணை விற்பவர் அவளது சொந்த வீட்டார் என்பதே கதையின் மெய்யான குற்றச்சாட்டு. ஆனால் வில்லன் ஒருவன் மீது பழியேறியதும், விற்ற குடும்ப அமைப்பு தப்பிவிடுகிறது. சீர்திருத்தக் கலையின் எல்லை இதுதான்: நோயைக் காட்டும், நோய்முதலைக் காட்டத் தயங்கும்.

இக்குறை ராஜா சாண்டோ ஒருவருக்கே உரியதன்று. முதலாளியின் பணத்தில் எடுத்து, முதலாளியின் கொட்டகையில் காட்டப்படும் கலை எதற்கும் இவ்வெல்லை உண்டு. ‘திருநீலகண்டர்’ (1939), ‘ஆராய்ச்சி மணி’ (1942) எனப் பின்னர் அவரும் பாகவதரின் பாட்டுக்கும் பழங்கதைகளுக்கும் இடங்கொடுக்க நேர்ந்தது. பேசும்படம் வந்ததும் உடலின் மதிப்புக் குன்றித் தொண்டையின் மதிப்பு ஓங்கிற்று. நேற்றுவரை குதிரையேறியவனுக்கு இன்று இராகம் வராவிடின் வேலையில்லை. சுலோசனாவும் மொழிப் பயிற்சிக்காக ஒதுங்கியிருந்தே மீளவேண்டியதாயிற்று. யந்திரம் மாறும்போது தொழிலாளி தூக்கியெறியப்படுதல் ஆலைகளில் மட்டும் நிகழ்வதன்று.

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய அழிவைக் காண்போம். இந்தியாவில் ஏறத்தாழ 1,300 ஊமைப்படங்கள் உருவாயின என்பர். எஞ்சியவை முப்பதை எட்டா. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. ஆனால் தீயொன்றே காரணமன்று. படச்சுருளில் வெள்ளி உண்டு. காட்டி முடித்த படத்தினால் இனி வருமானமில்லை என்று கண்ட உடைமையாளர், வெள்ளியைப் பிரித்தெடுக்கும் பொருட்டு அதனை அழித்தனர். ராஜா சாண்டோவின் உழைப்பும் ராஜலட்சுமியின் இளமையும் சில பலம் வெள்ளியாயின! கலை சரக்காகும்போது அதன் ஆயுள் இலாபத்தின் ஆயுளே. இலாபம் தீர்ந்த மறுநாள் அது குப்பையாகிறது. 1964-இல் பூனாவில் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டு, பி. கே. நாயர் போன்றோர் தேடத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது.

நம் நாட்டின் கதை இதற்கு விலக்கன்று. 1901-இல் இலங்கையில் முதன்முதற் படங்காட்டப்பட்டபோது அதனைக் கண்டோருள் தியத்தலாவையிற் சிறைவைக்கப்பட்ட போயர் போர்க்கைதிகளும் இருந்தனர். 1925-இல் உருவான ‘ராஜகீய விக்கிரமய’ என்னும் ஊமைப்படத்தில் நாயகனாக நடித்தவர், பின்னாளில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய கலாநிதி என். எம். பெரேரா. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அப்படம், இலங்கை மக்கள் காணுமுன்னரே எரிந்து போயிற்று. 1983 ஜூலை வன்செயலிலோ, ஹெந்தளையில் கே. குணரட்ணத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாக்கப்பட்டது. சிங்களப் படமும் தமிழ்ப் படமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த இடம் அது. முதலாவது தீ விபத்து. இரண்டாவது தீ அரசியல். இரண்டிலும் சாம்பலானது மக்களின் நினைவே.

இப்பொழுது நமது விடைக்கு வருவோம். 1939-இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, தமிழ்த்திரையில் காட்சியின் மொழியை மீட்டெடுத்த கலைஞர். சொல்லைக் குறைத்து, ஒளியையும் முகத்தையும் பேசவைத்த அவரது முறை ஊமைப்படத்தின் வழிவந்தது என்பது நமது துணிபு. 2014-இல் மறைந்த அவர், ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய தம் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தமை பற்றி மேடைதோறும் வருந்திப் பேசினார். தமிழ்நாட்டில் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமெனக் கேட்டுக்கொண்டேயிருந்தார். அரைநூற்றாண்டு கடந்தும் ராஜா சாண்டோவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது.

இதனோடு நமது கூத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டங் கொடுத்து, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, வீட்டுக்கு வீடு ஆடும் வடமோடியும் தென்மோடியும் எந்த முதலாளியின் பெட்டகத்திலும் இருந்தவையல்ல. ஏட்டுப்பிரதியும் அண்ணாவியாரின் நினைவும் ஆடுவோரின் கால்களுமே அவற்றின் காப்பகம். போரும் 2004-இன் கடற்கோளும் கண்ட பின்னரும், படுவான்கரையில் மத்தளம் ஒலிக்கிறது. ஊருக்குச் சொந்தமான கலையை ஒருவர் வெள்ளிக்காக உருக்க இயலாது.

ஆயினும் நாம் கூத்தைப் போற்றிச் சினிமாவைத் தூற்றும் கூட்டத்தைச் சேர்ந்தோமல்லோம். வட்டக்களரியில் பெண் வேடமும் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. யார் ஆடலாம், யார் ஆடலாகாது என்பதைச் சாதியும் தீர்மானித்தது. ராஜலட்சுமிக்குக் களரி தராத இடத்தைத் திரை தந்தது. சுவாமி விபுலாநந்தர் 1926-இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். புதியதைக் கண்டு அஞ்சாத அந்த மனப்பான்மையே நமக்கு வேண்டியது. கூத்தின் உடைமை முறையும் சினிமாவின் சமத்துவ வாய்ப்பும் ஒன்றுசேர வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

எனவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. பழைய படத் துண்டுப்பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும் கொட்டகைப் புகைப்படங்களும் நம் ஊர்களின் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. திரையருகே நின்று எழுத்துகளை வாய்விட்டு வாசித்து, படிக்கத் தெரியாதவருக்குக் கதை சொன்னவர்களைப் பற்றித் தம் பெற்றோரிடம் கேட்டறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் செல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஊர்தோறும் வாசிகசாலைகள் இருக்கின்றன. அவை இவற்றுக்கு இடந்தரும்படி கேட்போம்.

ராஜா சாண்டோவின் படம் ஒன்றையும் நாம் காணவில்லை. ஆதலால் அவரை மாபெரும் கலைஞர் என்று முடிசூட்டவும் நாம் முற்படவில்லை. காணாததைப் புகழ்வது விமர்சனமாகாது. ஆனால், நமது பேரர் நமது கலைஞரைப் பற்றி எழுதும்போதும் இவ்வாறே வெறுங்கையோடு எழுத நேரின், அந்தக் குற்றம் பம்பாய் முதலாளியுடையதாகாது, நம்முடையதாகும்.