பசித்தோர்க்கு எழுதிய மடல்

போர்க்காலத்தில் ஆள்வோர் உழைப்பாளரைப் புகழ்ந்தால், அப்புகழ்ச்சியைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். 1863 சனவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்க்கு எழுதிய மடல் அத்தகைய வாசிப்புக்கு உரியது.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. 1862 இறுதியில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் பிறர் உதவியால் உயிர் வாழ்ந்தனர். தென்மாநிலங்களை ஆதரித்தால் பருத்தி வரும் என்று வாதிட்டோர் பலர். ஆலை நகரங்கள் சிலவற்றில் அவ்வாதம் எடுபட்டது. எனினும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள், அடிமை முறையை அடியோடு ஒழிக்குமாறு லிங்கனுக்கு விண்ணப்பம் அனுப்பினர்.

லிங்கனின் மறுமொழியில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பெரும்பாலும் வாக்குரிமையே அற்றிருந்த அம்மக்களை அவர் தமக்கு நிகராக வைத்துப் பேசுகிறார். அவர்தம் உறுதியைக் கிறிஸ்தவ வீரம் என்று போற்றுகிறார். மடலின் மேன்மை இதுவே.

ஆனால் அம்மக்களின் துன்பத்துக்குக் காரணம் யார்? நாட்டுக்குத் துரோகம் இழைத்தோரே என்கிறது மடல். அது பாதி உண்மை. தென்மாநிலத்தார் தொடக்கத்தில் பருத்தியைத் தாமே தடுத்து வைத்தது மெய்தான். எனினும் 1861 ஏப்ரலில் தென்துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டவர் லிங்கனே! அதைப்பற்றி மடல் வாய் திறக்கவில்லை. தொழிலாளரின் விண்ணப்பத்துக்கும் நேரான விடை இல்லை. 1863 சனவரி 1இன் விடுதலைப் பிரகடனம், வடபகுதியோடு நின்ற மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கவில்லை. அவர்கள் நிலை என்னவாகும் என்பதற்கு மடலில் வாக்குறுதி ஏதுமில்லை. சட்டத்திருத்தத்தால் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1865 டிசம்பரில்தான்.

இதனால் மடல் பொய்யாகிவிடாது. 1863 பிப்ரவரியில் அமெரிக்க மக்களின் நன்கொடையாக மாவு முதலியன ஏற்றிய கப்பலொன்று லிவர்பூலை அடைந்ததையும் மறத்தல் ஆகாது. ஆயினும் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைப் புகழ்ந்த இயேசு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரையும் அதற்குச் சற்று முன்னரே கண்டித்தார் அன்றோ? ஏழையின் தியாகத்தைப் போற்றுவோர், அந்த ஏழ்மையில் தம் பங்கையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். லிங்கனின் மடல் முதற்கடமையை அழகுறச் செய்தது. இரண்டாவதைச் செய்யாது விட்டது.

இரண்டு மடல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நாடாள்பவரின் எழுத்தில் அளவறிந்த எச்சரிக்கை. பசித்தவரின் எழுத்தில் தயங்காத நீதி. இவற்றுள் எது உயர்ந்தது என்பதை வாசகரே உணர்வர்.