குடிவந்த கதையில் வாடகை எங்கே?

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பில் முதல் சில மாதங்களுக்கு ஒரே கேள்விதான். "என்னப்பா, செட்டில் ஆயிட்டீங்களா?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஆயிட்டோம்மா. வீடு நல்ல காத்தோட்டம். பக்கத்துலயே கோயில் இருக்கு. பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் புளோக் கீழேயே வந்துடுது." இதில் பொய் எதுவும் இல்லை. வேலை அனுமதி எந்த மாதத்தில் முடிகிறது, சம்பளத்தில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது, எத்தனை வீட்டுக்காரர்கள் பெயரைக் கேட்டதுமே "வீடு போயிடுச்சு" என்று போனை வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிலில் இருக்காது, அவ்வளவுதான். அம்மாவிடம் அதைச் சொல்லாமல் இருப்பது நல்ல பண்பு. கதையிலும் சொல்லாமல் விடுவதை என்னவென்று சொல்வது?

சிங்கப்பூரில் இன்று தமிழில் எழுதுகிறவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், அல்லது வேலைக்கு வந்தவரோடு வந்தவர்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான். ஆகவே இது வெளியே நின்று கல்லெறியும் காரியம் இல்லை. எங்களுக்குள் ஒரு கதைவகை உருவாகிவிட்டது. இதைக் 'குடிவந்த கதை' என்று நான் மனதுக்குள் குறித்து வைத்திருக்கிறேன். தொகுப்புகளிலும் போட்டிகளிலும் வாசிப்புக் கூட்டங்களிலும் அதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அதன் வார்ப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: விமானம் இறங்குகிறது. சாலை சுத்தமாக இருக்கிறது. கணவன் அலுவலகம் போனதும் மனைவி பத்தாவது மாடி ஜன்னலில் நின்று எதிர் புளோக்கில் மூங்கில் கழிகளில் காயும் துணியைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி முதலில் சிரிப்பதில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த பிறகு சிரிக்கிறார். தேக்கா ஈரச்சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, கண் கலங்குகிறது. கடைசிப் பத்தியில் இதுவும் நம்ம ஊர்தான் என்று மனசு சொல்கிறது.

எல்லாம் உண்மையில் நடப்பதுதான். முறுக்குக்குப் பாட்டி சிரிப்பதும் உண்மை. என் புகார் வேறு. இந்தக் கதைகளில் வரும் வீட்டுக்கு உரிமையாளர் இல்லை. வாடகை ஒப்பந்தம் இல்லை. இரண்டு மாத முன்பணம் இல்லை. குடும்பம் அந்த வீட்டுக்குள் மழை மாதிரி வந்து விழுந்திருக்கிறது.

உண்மையில் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைவது என்பது ஒரு காகிதத்துக்குள் நுழைவது. வெளிநாட்டு ஊழியர் போடும் இரண்டு வருட வாடகை ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். தூதரகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்று அது சொல்கிறது. குடிவரும் நாளிலேயே குடிபோகும் விதத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சுகிறோம். இதைவிடக் கூர்மையான ஒரு தொடக்கம் புனைவுக்குக் கிடைக்குமா? நான் வாசித்த குடிவந்த கதைகளில் பால் பொங்குகிறது, அந்தப் பத்தி எங்கும் வருவதில்லை.

துணைவருக்கான அனுமதி அட்டையும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து அந்த அட்டையில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். முன்பு ஓர் ஒப்புதல் கடிதம் போதும். ஜன்னலில் நிற்கும் அந்த மனைவியின் தனிமைக்குக் காற்றும் வெயிலும் மட்டும் காரணமில்லை. அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஏக்கம். ஏக்கத்தை எந்த ஊரில் வைத்தும் எழுதலாம், டொராண்டோ என்று பெயரை மாற்றினால் போதும்.

விதிகளை எழுதினால் கதை கட்டுரையாகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். ஜும்பா லஹிரியின் 'தி தேர்ட் அண்ட் ஃபைனல் காண்டினென்ட்' இதை எளிதாகப் பொய்யாக்குகிறது. 1999-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் கடைசிக் கதை அது. 1969-இல், மனிதன் நிலவில் இறங்கிய நேரத்தில், ஒரு வங்காளி இளைஞன் அமெரிக்காவுக்கு வருகிறான். வாரம் எட்டு டாலருக்கு ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை எடுக்கிறான். வாடகையைப் பியானோவின் மேல் வைக்கச் சொல்கிறாள் அவள். அவனோ உறையை அவள் கையிலேயே கொடுக்கிறான். அவளுக்கு வயது 103 என்று பிறகுதான் தெரியவருகிறது. கதையின் முழு உறவும் அந்த எட்டு டாலர் உறையில் நடந்துபோகிறது. பிற்பாடு ஊரிலிருந்து மனைவி வந்து சேர்கிறாள். முன்பின் பழகாத அவளோடு அவனுக்கு முதல் நெருக்கம் உண்டாவது அவன் வாடகை கொடுத்து இருந்த அந்த வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போகும்போதுதான். எனக்குத் தெரிந்து, குடிவந்த கதைகளில் இவ்வளவு நிதானமானது இன்னொன்று இல்லை. அதில் வாடகைத் தொகை இருக்கிறது, முறுக்கு இல்லை.

ஆங்கிலக் கதையைக் காட்டித் தமிழை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வட்டாரத்திலேயே நமக்கு முன்னோடி உண்டு. ப. சிங்காரம் 1938-இல் மேடானுக்கு வேலைக்குப் போனவர். இன்றைய சொல்லில் அவரும் ஓர் 'எக்ஸ்பேட்'தான். அந்தக் கால வட்டிக்கடை ஆட்கள் மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறி வந்தார்கள். நாளெல்லாம் கிட்டங்கியில் கைமேசையும் பெட்டகமும் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரவில் பலரும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் நமக்குப் புதிது என்று நினைத்துக்கொள்கிறோம்! சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கு வட்டிக்கடை ஊழியன் செல்லையா முதலாளியின் மகளை விரும்புகிறான். இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்த் திரும்பியவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி முடிவு கட்டுகிறார். காதல் உடைவது அங்கே. வேலை, கணக்கு, முதலாளியின் மதிப்பீடு ஆகிய மூன்றும் காதலின் உள்ளேயே இருக்கின்றன. 'புயலிலே ஒரு தோணி'யிலும் பாண்டியன் மதுரையையும் சின்னமங்கலத்தையும் நினைத்து உருகுகிறான். அந்த உருக்கத்தைச் சுற்றிலும் கடைத்தெருவும் கொடுக்கல் வாங்கலும் போரும் இருப்பதால்தான் அது நமக்கு உறைக்கிறது.

அகதி எழுத்தில் காகிதத்தை மறைக்கவே முடியாது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' தஞ்சக் கோரிக்கை மனுவிலேயே தொடங்குகிறது. மனு ஏற்கப்படுமா என்பதுதான் உயிர். வேலைக்கு வந்தவரிடமும் காகிதம் இருக்கிறது. ஆனால் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, தான் விருப்பப்பட்டு வந்த விருந்தாளி என்று காட்டிக்கொள்ள அவருக்கு வசதி இருக்கிறது. வேலை போய் அட்டை ரத்தானால் பொதுவாக ஒரு மாத அவகாசம் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தில் பள்ளி, வீடு, கட்டில், கார் எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் நம் எல்லோருக்கும் தெரியும். வழியனுப்பிவிட்டு வந்து, நாம் மழையைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம்.

பயம் காரணமா? ஓரளவுக்கு ஆம். அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியவர் வாயைப் பார்த்துத்தான் பேசுவார். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிரந்தரவாசியாகி, குடிமகனாகி, சொந்த வீடு வாங்கி இருபது வருடம் ஆனவர்களும் அதே முறுக்கைத்தான் சுடுகிறார்கள். அதனால் பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தக் கதைகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பதுதான் அது. எம்ஆர்டி என்றால் என்ன, வீவக வீடு எப்படியிருக்கும், கோப்பிக்கடையில் 'கோப்பி ஓ' கேட்டால் என்ன வரும் என்று வரிக்கு வரி விளக்குகிறார்கள். ஜூரோங்கில் பிறந்த தமிழருக்கு இந்த விளக்கம் எதற்கு? கதை கும்பகோணத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. "செட்டில் ஆயிட்டீங்களா?" என்ற அந்தத் தொலைபேசிக் கேள்விக்கே இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதனால் முதலில் காணாமல் போகிறவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். குடிவந்த கதைகளில் சீனப் பாட்டி வருவார், மலாய் டாக்ஸிக்காரர் வருவார், பிலிப்பினோ பணிப்பெண்கூட வருவார். உள்ளூர்த் தமிழர் வந்தால் பெரும்பாலும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுப் புதியவரை வியக்க வைக்கும் ஒரு வரியோடு போய்விடுவார். அவர் நம்மை 'ஊர்க்காரங்க' என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் லேசான விலகலை யாரும் எழுதுவதில்லை.

ஏன் எழுத வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காடுதான் என்ற வரம்பு உண்டு. இந்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து 2010-இலிருந்து வட்டாரத்துக்கு 12, புளோக்குக்கு 15 விழுக்காடு. ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவிந்துவிடக்கூடாது என்பது நோக்கம். நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க நினைத்தால், சீனருக்கோ மலாய்க்காரருக்கோ விற்க அந்த இனங்களின் வரம்பில் அங்கே இடமிருக்க வேண்டும். அதுவும் நிரம்பியிருந்தால் மிஞ்சுவது இந்தியரிடமே விற்பது. வாங்குவோர் குறைந்தால் விலை இறங்கும். அந்தக் குறைந்த விலைக்கு வாங்க வருகிறவர் யார்? 2013-க்குப் பிறகான விதிப்படி மூன்று வருடம் நிரந்தரவாசியாகக் காத்திருந்து, அவர்களுக்கான தனி வரம்புக்குள்ளும் வந்துவிட்ட, சென்னைக்காரர் ஒருவராக இருக்கலாம்.

இப்போது அந்தக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அந்த வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுக்காலத்துக்குச் சின்ன வீட்டுக்குப் போக நினைக்கும் உள்ளூர் அங்கிள். எதிரே, நல்ல விலையில் வீடு அமைந்ததே என்று மனைவியைப் பார்த்துக் கண்ணால் சிரிக்கும் புதியவர். நடுவில் சொத்து முகவர். இருவருக்கும் ஒரே மொழி. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று அங்கிள் கேட்கிறார். அவருடைய அப்பாவும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். அந்த நெருக்கத்தை வைத்துக்கொண்டு இன்னும் ஐயாயிரம் வெள்ளி குறைத்துக் கேட்கலாமா என்று தம்பி யோசிக்கிறார். தமிழராக இருப்பதால் ஒருவருக்கு நட்டம், தமிழராக இருப்பதால் இன்னொருவருக்கு லாபம், இருவரும் ஒரே கோப்பியைக் குடிக்கிறார்கள். இதில் வில்லன் யாரும் இல்லை. சீனப் பாட்டியின் சிரிப்பைவிட இந்தக் கோப்பிக்குள் இந்த ஊர் அதிகமாக இருக்கிறது. இப்படி ஒரு கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை. எங்காவது வந்திருந்தால் யாராவது அனுப்புங்கள், புண்ணியமாய்ப் போகும்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த நிலத்தில் இறங்கிவிட்டார்கள். 2011-இல் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் பக்கத்து இந்திய வீட்டின் கறி வாசனையைப் பற்றி முறையிட்டதும், சமரசத்தில் அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைக்க ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதில் இருந்தன. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி எல்லா இனத்தாரும் கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு விடுத்தார்கள், பலரும் சமைத்தார்கள். அல்ஃபியான் சாஅத் அந்தச் சட்டியை எடுத்து 2013-இல் 'குக் எ பாட் ஆஃப் கறி' என்ற நாடகமாக்கினார். குடியேற்றம் பற்றிப் பலரும் பேசுவதைக் கேட்டுத் தொகுத்து மேடையேற்றிய நாடகம் அது. கறி நம்முடையது, வாசனை நம்முடையது, நாடகம் அவருடையது. அந்தச் சம்பவத்தில் இன்னொரு சுவையும் உண்டு. அங்கே முறையிட்டவர்தான் புதியவர். உள்ளூர்க்காரர்களின் கோபம் புதிதாக வந்தவர்கள் எல்லோர் மேலும் திரும்பியது. கறி சமைக்கும் புதியவரான நாம் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றோம்? நம் கதைகளில் கறி இன்னமும் அம்மாவின் கைமணமாகவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பெற்றோரோடு நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைக்குத் தேசிய சேவை உண்டு. இரண்டு வருடம். மகனுக்கு விண்ணப்பம் போடுவதா, விடுவதா? கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பேச்சு இது. "நம்ம புள்ள ஏன் துப்பாக்கி தூக்கணும்?" என்று ஒரு குரல். "பக்கத்து வீட்டுப் புள்ள தூக்குதுல்ல, நாம மட்டும் சும்மா இருந்து சாப்பிடலாமா?" என்று இன்னொரு குரல். இருபது வயதில் அந்தப் பையன் பயிற்சி முடிந்து பச்சைச் சீருடையோடு ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறான். ஊரிலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டு, எப்பப்பா திரும்பி வரப்போறீங்க என்று கேட்கிறாள். அவன் எந்தத் தமிழில், என்ன பதில் சொல்வான் என்பதை அவனுடைய அப்பா அம்மா தலைமுறை எழுத்தாளர்களிடமிருந்து வாசிக்க விரும்புகிறேன். அவர்கள் எழுதாவிட்டால் அவன் ஆங்கிலத்தில் எழுதிவிடுவான்.