நாகம்மாளும் குறிப்பறிதலும்

குறிப்பறிதல் என்னும் பெயரால் திருக்குறளில் ஈரதிகாரங்கள் உள. 71-ஆம் அதிகாரம் அமைச்சியலிலும், 110-ஆம் அதிகாரம் களவியலிலும் அமைந்துள்ளன. முன்னது, கூறாமலே பிறர் கருத்தை முகத்தால் உணர்வாரை அரசவையில் வைத்துப் போற்றுவது. பின்னது, காதலர் நோக்கினுள் மறைந்து நிற்பதை ஆய்வது. ஒருமனைக்கண் உடனுறையும் உறவினர் ஒருவர் உள்ளத்தை மற்றவர் அறியுமாற்றிற்குத் தனியதிகாரம் இல்லை. சுற்றந்தழால் உண்டே எனின், அது பேணுதலைக் கூறுவதன்றி அறிதலைக் கூறுவதன்று. இவ்வெற்றிடத்தில் வைத்து நோக்கத்தக்க புதினம் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) ஆகும்.

ஆசிரியர் தாராபுரத்தையடுத்த கீரனூரினர். முன்னர்க் கோவை மாவட்டத்ததாயிருந்த அப்பகுதி, 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்தினுள் இன்று அடங்கும். கதை சிறிது. கணவனை இழந்த நாகம்மாள், மகளோடு கொழுந்தன் சின்னப்பன் இல்லத்தில் வாழ்கின்றாள். நிலத்தில் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கின்றாள். கெட்டியப்பன் என்பான் அவளைத் தூண்டுகின்றான். பூசல் முற்றிச் சின்னப்பன் உயிரிழக்கின்றான். இதனைப் பேராசையின் கேடு என்றோ, தீயோன் சொற்கேட்டாள் ஒருத்தியின் வீழ்ச்சி என்றோ கூறி அமைதல் எளிது. அங்ஙனம் கூறின், நூலின் உயிர்நிலை நம் கைக்கு எட்டாது போகும்.

நாகம்மாள்பால் புறத்தே தோன்றுவது வெகுளி. அவ்வெகுளியின் உள்ளே இளிவரலும், அதனினும் ஆழத்தில் அச்சமும் உள என்பதே நம் கருத்து. சின்னப்பன் மனைவி ராமாயியின் தாய் காளியம்மாள், நிலத்தை விற்றுவிட்டுத் தன் ஊருக்கே வந்துவிடுமாறு மகளையும் மருமகனையும் அழைக்கின்றாள். அவள் வேண்டுவது மகளை அருகிருத்திக் கொள்ளுதலே. நாகம்மாளின் செவியில் அச்சொல், தானும் தன் மகளும் தெருவில் நிற்றல் என்றே விழுகின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன் வகுத்தார். உற்றாரால் வரும் அச்சம் இந்நான்கனுள் எங்ஙனம் அடங்கும்? உரைநெறி நின்று வலிந்து அடக்கலாம். எமக்கு அஃது உடன்பாடன்று.

அவள் அச்சம் வெறும் மயக்கமும் அன்று. இந்துப் பெண்டிர் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் தோன்றிற்று. ஆயினும் மாகாணங்களின் விளைநிலத்திற்கு அது செல்லாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941-இல் முடிபு கூறியது. சென்னை மாகாணம் தனிச்சட்டம் இயற்றி விளைநிலத்திற்கும் அவ்வுரிமையை விரித்தது 1947-இல். எனவே புதினம் வெளிவந்த காலத்தில், பாகம் பிரியாத குடும்பத்து விளைநிலத்தில் கைம்பெண்ணுக்குச் சட்டம் அளித்தது சீவனாம்சம் ஒன்றே. ‘பங்கு’ என அவள் கேட்பது நீதிமன்றத்தில் நில்லாத சொல். கொழுந்தன் மனம் இசைந்தாலன்றி அதற்கு வழியில்லை. அச்சொல்லால் அவள் நிலத்தை மட்டும் கேட்கவில்லை. அம்மனையில் தானும் எண்ணப்படுதலைக் கேட்கின்றாள். இதனை அவளே தெளிய அறியாள். பிராய்டு வழிவந்தோர் நனவிலி மனம் என்பது இத்தகைய இடத்தையே.

சின்னப்பன் தீயவனல்லன், உழைப்பாளி. அதுவே அவன் கண்ணை மறைக்கின்றது. உழுபவனுக்கு நிலம் உரித்தாதல் அவனுக்கு ஆராயாமலே விளங்கும் உண்மை. அதனால் அவள் வேண்டுகோள் அவனுக்கு வசையாகவே படுகின்றது. உழைப்பு என்னும் சொல்லின் ஆற்றல் கொங்குநாட்டில் இன்னும் குன்றவில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கூலியாளராய்ப் புகுந்து முதலாளிகளான கவுண்டர்கள், தம் உயர்வுக்குக் காரணம் உழைப்பே என மொழிவதைச் சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். முதலாளி ‘உழைப்பு’ என்புழித் தன் இளமையை நினைக்கின்றான். தையற்பொறிமுன் அமர்ந்த பெண்ணோ அன்றைய கூலியை நினைக்கின்றாள். சொல் ஒன்று, உள்ளக்கிடை இரண்டு. சின்னப்பன் வயலில் நிகழ்ந்ததும் இதுவே.

இனி, இப்புதினத்தில் குறிப்பறிதலில் வல்லவன் யாவன் எனின், கெட்டியப்பனே என்க. நாகம்மாள் வாய்திறவாத மனக்குறையை அவன் ஒருவனே கண்டுகொள்கின்றான். அவளை ஓர் ஆளாக மதித்துப் பேசுகின்றான். அம்மதிப்பையே கயிறாக்கி அவளை இழுத்துச் செல்கின்றான். அன்புடையான் அறியாததை ஆதாயம் கருதியவன் அறிந்தான். குறிப்பறிவாரை எப்பொருள் கொடுத்தும் துணையாகக் கொள்க என்பது அமைச்சியலின் அறிவுரை. அவர் எத்தகையோராதல் வேண்டும் என்பதற்கு அரசனிடம் தெரிந்துதெளிதல் முதலிய அதிகாரங்கள் உள. நாகம்மாளுக்கோ தெரிந்தெடுக்க இரண்டாமவர் இலர். அவள் இழிந்த உள்ளத்தளாய் அவன்பாற் சென்றாள் என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நூலின் குறையொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. ராமாயி மென்மையானவள், தாய்க்கும் ஓரகத்திக்கும் இடையே நிற்பவள், இருவர் மனமும் அறியும் இடத்தில் இருப்பவள். காளியம்மாள் அழைப்பின் பொருளை நாகம்மாளுக்கும், அவள் அச்சத்தைச் சின்னப்பனுக்கும் எடுத்துரைக்க அவளால் இயலும். அவள் ஏன் உரைத்திலள், அஞ்சினாளா, விரும்பிலளா, அன்றி அவளும் அறிந்திலளா? பிறர் உள்ளத்தைக் கொங்குப் பேச்சின் ஒவ்வோர் அசைவிலும் காட்டவல்ல ஆசிரியர், அவள் உள்ளத்தைத் திறவாமலே கதையை முடித்துவிட்டார்.